பால் கொடுக்கப் போனவளின் நிரை

இன்று காலை ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். சுண்டுவிரலில் வைத்த மை போகவே மாட்டேன் என்கிறது. தேயிலைக் கொழுந்துக் கறை என்றால் எலுமிச்சந்தோலைப் போட்டுத் தேய்த்தால் கொஞ்சமாவது விடும். இது அசையவில்லை. தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் நின்று பழக்க தோஷத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எதற்காக இதைத் தேய்க்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது. இந்த மைக்காக நீ எத்தனை மலை ஏறி இறங்கினாய்! அங்கேயே நின்று தனியாகச் சிரித்தேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச் சாவடி. அங்கிருந்த சிங்கள அம்மாள் கையை நீட்டச் சொன்னபோது நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவளும் சிரித்துவிட்டாள். வெள்ளைக்காரன் இலங்கையை விட்டுப் போகிற சமயத்தில், நிறம் நிறமான பெட்டிகளுக்கு முன்னால் நீயும் நானும் பயந்துகொண்டே நின்று போட்டோமே, அது முதல் ஓட்டு. பறித்த ஓட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு இது இரண்டாவது. நடுவில் எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. நீ இல்லாமலே போய்விட்டாய். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். தொழிற்சங்கத்து வேலை செய்து செய்து எனக்கு எழுத்தும் கைக்கு வந்துவிட்டது என்றால் நீ நம்பமாட்டாய்.

நாம் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சட்டம் வந்ததும், சங்கத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலடிக்கு வந்து பேசினார். அடுத்த தேர்தலில் நமக்கு ஓட்டு இருக்காது, எல்லாத் தோட்டமும் சேர்ந்து நின்று கேட்கவேண்டும் என்றார். ஆண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நாம் பின்னால், இடுப்பில் ஒரு பிள்ளையும் காலடியில் ஒரு விறகுக்கட்டுமாக, காதில் பாதி விழ, பாதி விழாமல் நின்றோம். நீதான் பின்னாலிருந்து சத்தம் போட்டுக் கேட்டாய்.

"ஏங்க, ஓட்டு பொம்பளைங்களுக்கும்தானே போச்சு? அவங்ககிட்ட யாருங்க சொல்றது?"

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் அவர், சும்மா பேச்சுக்கு.

நீ அதை வேலையாக எடுத்துக்கொண்டாய். நாம் குடியிருந்த லயத்துக்குத் திரும்பும்போது நான் உன்னைக் கிண்டல் செய்தேன். "ஒனக்கு வேற வேல இல்லையா புள்ள?"

"வேல நெறைய இருக்கு. நேரந்தான் இல்ல. அத எங்கயாச்சும் பாக்கணும்" என்றாய், காணாமல் போன கோழியைத் தேடுகிறவள் போல.

எங்கே பார்ப்பது? இருட்டோடு எழுந்து, தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடினால், பிறகு மலை, கொழுந்து நிறுக்கிற மடுவம், மறுபடியும் மலை, மறுபடியும் மடுவம். அந்திக்கு வீட்டுக்கு வந்தால் அடுப்பு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஞாயிறு ஆண்களுக்கு லீவு. நமக்கு அன்றுதான் விறகு, துணி, பேன், அரிசி வாங்கப் போவது எல்லாம். நீ முதலில் பொழுது சாய்ந்த பிறகு லயம் லயமாகப் போய்ப் பார்த்தாய். ஒருத்தி நீ பேசப் பேச அடுப்படியிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள் என்று வந்து சொன்னாய். உனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. "பாவம், குழம்ப நாந்தான் எறக்கி வச்சிட்டு வந்தேன்" என்றாய்.

அதற்கப்புறம்தான் உனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே இடத்தில், கையில் வேலையில்லாமல் நிற்பது எப்போது? அந்திக் கொழுந்து நிறுக்கும்போது மட்டும்தான். மடுவத்துக்கு முன்னால் கூடையோடு வரிசையில் நிற்கிற நேரம். கணக்கப்பிள்ளையின் கண் தராசின் மேலேயே இருக்கும். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஆளோடு ஆளாகப் போய் நின்றால், எந்தத் தோட்டத்துக்காரி என்று யாருக்குத் தெரியும்? அட்டன் டவுனில் பெண்கள் மட்டும் ஊர்வலம் போகவேண்டும், ஓட்டைத் திருப்பிக் கொடு என்று கேட்கவேண்டும் என்பது உன் எண்ணம். அதற்கு அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் ஒவ்வொரு வரிசையாக நின்று பேசவேண்டும். அந்திக்குள் அடுத்த தோட்டத்து மடுவத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்றால், பகல் கொழுந்து நிறுத்தவுடன் நம் மலையை விட்டு இறங்கியாகவேண்டும்.

அப்படி இறங்கினால் உனக்கு விட்ட செடி வரிசை, உன் நிரை, கொழுந்து எடுக்க ஆளில்லாமல் அப்படியே நிற்கும், கூடை குறையும். குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். அது போனால் போகட்டும் என்றாய் நீ. சொல்லாமல் மலையை விட்டுப் போனவள் என்று தெரிந்தால் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வேலையை விட்டே நிறுத்திவிடுவார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். உன் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பயம்.

கேட்காமல் மலையை விட்டு இறங்க நம்மில் ஒருத்திக்குத்தான் வழி இருந்தது. பால் குடிக்கும் பிள்ளை உள்ளவளுக்கு. அவள் பிள்ளைக்காம்பராவுக்குப் போனால் கங்காணி ஒன்றும் கேட்கமாட்டார். அவள் வருகிறவரைக்கும் அந்தப் பக்கத்து நிரைக்காரியும் இந்தப் பக்கத்து நிரைக்காரியும் ஆளுக்குப் பாதியாக அவள் நிரையை எடுத்து, அவள் கூடையில் கொழுந்தைப் போடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நம் அம்மாக்கள் செய்தார்கள், நாமும் செய்தோம். என் நான்கு பிள்ளைகளுக்கும் நான் பால் கொடுக்கப் போனபோது, இந்தப் பக்கம் இருந்தவள் நீ.

உனக்குப் பிள்ளை இல்லை. அதை நாம் வாய்விட்டுப் பேசியதே கிடையாது.

அன்று பகல், மலையில் உட்கார்ந்து ரொட்டி தின்னும்போது நீ கேட்டாய். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ரொட்டியை மட்டும் தின்னாமல் பிய்த்துப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாய். "நா அந்திக் கொழுந்துக்கு இருக்கமாட்டேன். என் நெரைய எடுத்துத் தாங்க."

உனக்கு அந்தப் பக்கத்து நிரை மூக்காயி அக்காவுடையது. வாயைத் திறந்தால் மலைக்கே கேட்கும். "பச்சப்புள்ள பசியில கத்துது, அதனால எடுக்குறோம். ஓட்டுக்கு என்னாடி பசி? நீ ஊர் சுத்திட்டு வா, ஒனக்கு நா கொழுந்து எடுக்கவா?" என்றாள்.

நீ மடியிலிருந்த ரொட்டித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாய். "நா இதுவரைக்கும் நெரைய விட்டுட்டுப் போனதே இல்லக்கா. இப்பத்தான் கேக்குறேன்."

நான் எடுக்கிறேன் என்று கத்தினேன். கோபமாகக் கத்தினேன், யார்மேல் என்று தெரியவில்லை. நீ இறங்கிப் போனாய். உன் நிரை முழுவதையும் நான் ஒருத்தியே எடுக்கப் பார்த்தேன். இரண்டு கைதானே இருக்கிறது? உன் கூடையும் குறைந்தது, என் கூடையும் குறைந்தது. இரண்டு பேருக்கும் அரைப்பேர் விழுந்தது. மூக்காயி அக்கா தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் மலைக்குப் போகும்போது என் பக்கத்தில் வந்து, "மேல்பக்கத்த நா எடுக்குறேன். நீ கீழ்ப்பக்கம் பாரு" என்றாள்.

அதன்பிறகு நீ வாரத்துக்கு ஒரு தோட்டமாகப் போனாய். கங்காணி நீ இறங்குகிற பக்கம் திரும்பாமல் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். அவர் வீட்டுக்காரி உன் பேச்சைக் கேட்டவள்.

ஒரு நாள் கணக்கப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். அப்போது நீ ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாய். அன்று சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன். உன் கூடையை நான் தராசில் வைத்தேன். தராசைவிட்டுக் கண்ணை எடுக்காதவர் அன்று நிமிர்ந்து பார்த்தார்.

"கூட வருது, ஆளக் காணோம். எங்க போயிட்டா?"

"பால் குடுக்கப் போயிருக்காங்கய்யா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "அவளுக்கு ஏது புள்ள?"

நாம் இத்தனை வருசம் வாயில் எடுக்காத பேச்சை அந்த ஆள் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். உன் கூடையை இறக்கச் சொன்னார். "பேர் கெடையாது. நாளைக்கி தொரைகிட்ட வரச்சொல்லு" என்றார்.

நான் உன் கூடையை இறக்கினேன். அடுத்து மூக்காயி அக்காவின் முறை. அவள் கூடையைத் தூக்கவில்லை, கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் உட்கார்ந்தாள். வரிசை முழுவதும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கணக்கப்பிள்ளை ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கொழுந்து ஏற்ற வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"கொழுந்து சூடேறுதுங்கய்யா" என்றாள் மூக்காயி அக்கா, ரொம்பப் பணிவாக.

அடைத்து வைத்த கொழுந்து சூடேறினால் தொழிற்சாலையில் எடுக்கமாட்டார்கள், தோட்டத்துத் துரை கணக்கப்பிள்ளையைத்தான் கேட்பார். அது அவருக்கும் தெரியும். என்னைப் பார்த்து, "அந்தக் கூடைய வை" என்றார். வைத்தேன். உனக்கு முழுப்பேர் போட்டார். துரை பேச்சை அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. தன் மலையில் ஆள் குறைந்தது தனக்கே தெரியாமல் போனதென்று எந்த வாயால் போய்ச் சொல்வார்?

இருட்டிய பிறகு நீ வந்ததும் நான் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவர் சிரித்ததை மட்டும் விட்டுவிடத்தான் நினைத்தேன், முடியவில்லை. என் அடுப்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாய். என் கடைக்குட்டி வந்து உன் மடியில் ஏறிக்கொண்டான்.

அட்டன் ஊர்வலத்துக்கு உன்னை நம்பி வந்த பெண்களால் கடைத்தெரு நிறைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் எனக்குப் பதிலாக ஆற்றில் துணி துவைத்தார் என்பதை இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டார். ஓட்டு வரவில்லை. அடுத்த தேர்தலுக்கும் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. நீ நிறுத்தவில்லை. நீ போய் வந்த தோட்டங்களில் சங்கத்து வேலைக்குப் போகிறவளின் நிரையை எடுப்பது வழக்கமாகிவிட்டது.

அப்புறம் உனக்கு நெஞ்சுச் சளி வந்து தங்கிவிட்டது. யார் இங்கே இருப்பது, யார் இந்தியாவுக்குப் போவது என்று இரண்டு நாடும் ஆட்களைப் பங்கு பிரித்த காலம் அது. லயத்தில் ஒரு வீட்டிலும் நிம்மதி இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் பயந்துபோய் உன்னை வரச்சொல்லி அனுப்பியிருந்தார்கள். மலை ஏறவே உனக்கு மூச்சு வாங்கியது. பகல் கொழுந்து நிறுத்ததும் என்னிடம் வந்தாய்.

"நீ போயிட்டு வா புள்ள."

"நானா? எனக்கு எங்க நேரம்? பேசவும் வராது."

"நேரத்த நா பாத்துக்குறேன். ஒன் நெரைய நா எடுக்குறேன்" என்றாய். அப்போது என் பிள்ளைகளில் யாரும் பால் குடிக்கும் வயதில் இல்லை. பால் கொடுக்க அல்லாமல், பேசப்போவதற்காக நான் நிரையை விட்டு இறங்கியது அன்றுதான் முதல் தடவை.

அங்கே போய் வரிசையில் நின்றபோது நீ சொல்லி அனுப்பியது எல்லாம் மறந்துவிட்டது. மறந்ததால் உன்னைப் பற்றிச் சொன்னேன். இருமிக்கொண்டே என் நிரையில் ஒருத்தி நிற்கிறாள், அதனால்தான் நான் இங்கே நிற்கிறேன் என்றேன். பெண்கள் கிட்டக் கிட்ட வந்தார்கள். திரும்பி வந்து கேட்டால், என் கூடை நிறைந்திருந்ததாம், எனக்கு முழுப்பேர். உன் கூடை பாதிதான், உனக்கு அரைப்பேர். உன்னைத் திட்டித் தீர்த்தேன். நீ போர்வைக்குள்ளிருந்து, "பேசினியா? என்னா சொன்ன?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாய்.

அந்தக் குளிர் முடிவதற்குள் நீ போய்விட்டாய். தோட்டத்துப் பெண்கள் யாரும் அன்று பெரட்டுக்குப் போகவில்லை. மறுநாள் கங்காணி உன் நிரையில் வேறொருத்தியை விட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பாமலே கொழுந்து எடுத்தேன். ரொம்ப நாள் அப்படித்தான் எடுத்தேன்.

இப்போது நான் கூட்டம் கூட்டப் போகிற இடத்தில் இளம்பெண்கள் சொல்கிறார்கள், "எங்கங்க நேரம்?" என்று. அவர்கள் பொய் சொல்லவில்லை. நமக்கும் இருந்ததில்லை. நீ கொடுத்ததால்தான் எனக்குக் கிடைத்தது. அதனால் நான் அவர்களிடம் நியாயம் பேசுவதில்லை. வேலையை விட்டு நின்ற இந்தக் கிழவிக்கு எந்தக் கணக்கிலும் பேர் கிடையாது, கங்காணியும் ஒன்றும் கேட்பதில்லை. "ஒன் நெரை எது, காட்டு" என்று கேட்டு, கூடைக் கயிற்றை வாங்கித் தலையில் மாட்டிக்கொள்கிறேன். "நீ போயிட்டு வா" என்கிறேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, போகிறார்கள்.