ஐந்து நிமிடம் கழித்து வந்த பதில்கள்

செவ்வாய்க் கிரகம், தனிக்கூடம் மூன்று. எழுதுவது: மண் ஆய்வாளர் குழலி.

நாள் 212, 08:10
கரியமில வாயு அளவு இயல்பு. இணையப் பெட்டி நேற்று எரிந்துவிட்டது; உதிரியை மாட்டினேன். பூமியில் கடையில் வாங்கிய, வீடுகளுக்கான பெட்டி. பூமிக் கட்டுப்பாட்டறைத் தணிகாசலம் என்னை ராக்கெட்டில் ஏற்றிவிடும்போதே சொன்னான்: "அக்கா, கம்பெனி செட்டிங்கே போதும், எதையும் நோண்டாதீங்க." நோண்டவில்லை.

நாள் 213, 09:30
காற்றுச் சுத்திகரிப்பான் திணறுகிறது. வாயு அளவு ஏறுகிறது. என்ன செய்ய என்று எட்டரைக்கே கேட்டு அனுப்பினேன். பதில் இல்லை.

10:40
காரணம் தெரிந்தது. உள்ளிருந்து போகும் எதையும் இந்தப் பெட்டி விடும். வரும் பதிலை ஐந்து நிமிடம் வரைதான் விடும்; அதற்குப் பிறகு வருவது அழையா விருந்தாளி. பூமிக்குச் செய்தி போய்த் திரும்ப இருபத்தெட்டு நிமிடம்! ரீசெட் செய்தாலும் அதே விதிதான். மாற்றக் கடவுச்சொல் தணிகையிடம். அனுப்பியிருப்பான், அதையும் தடுத்திருக்கும்.

தடுத்த செய்திகளின் முதல் ஐந்து சொல்லை மட்டும் பட்டியலில் காட்டுகிறது. பதினோரு செய்திகள். பதினொன்றும் இதேதான்: "வணக்கம்க்கா, சாப்பிட்டீங்களா? உடம்பு எப்படி இருக்கு?" இவனுக்கு விசாரிக்காமல் எழுதவே வராது. தலையில் அடித்துக்கொண்டேன்.

11:20
"வணக்கம் வேண்டாம். ஐந்தைந்து சொல்லாக அனுப்பு" என்று எழுதினேன். தலை வலிக்கிறது.

11:49
"சரிக்கா, இனிமே அஞ்சஞ்சு வார்த்தையாவே அனுப்புறேன்."
பாவி.

11:50
"நாலாவது வால்வ மட்டும் தயவுசெஞ்சு இப்ப"
அடுத்ததற்குக் காத்திருந்தேன். பெட்டி முந்திக்கொண்டது: "ஒரே முகவரியிலிருந்து தொடர் தொந்தரவு. இந்த அனுப்புநர் இனிப் பட்டியலில் காட்டப்பட மாட்டார்." எண்ணிக்கை மட்டும் தெரிகிறது.
சுத்திகரிப்பானின் நாலாவது வால்வை மட்டும் என்ன? திறக்கவா? தொடாமல் இருக்கவா? பெட்டியை ஓங்கிக் குத்தினேன். கைதான் வீங்கியது.

12:31
எழுத்து மங்குகிறது. பயமாக இருக்கிறது. இனிப் பொறுக்க முடியாது. நாலாவதைத் திறந்துவிட்டேன். திறந்த விவரம் தானாகவே பூமிக்குப் போகும்.

12:59
சரியாக இருபத்தெட்டாவது நிமிடம். தடுத்தவை 23. 60. 144. விடாமல் அனுப்புகிறான். திட்டுகிறானா, அப்பாடா என்கிறானா? சொல்லித் தொலையேன் தணிகை. கால் மரத்துவிட்டது. மூடிவிடலாம் என்று எழுந்தால்

13:20 பெட்டியின் தானியங்கிப் பதிவு
இன்று 907 தொந்தரவுகள் தடுக்கப்பட்டன. உள்ளிருந்து கோரிக்கை எதுவும் இல்லை. நிம்மதியாக இருங்கள்.