பன்னிரண்டு மாதத்துப் பிள்ளை

வியாசர்பாடி,
ஆகஸ்ட் 2006

அன்புள்ள மாமாவுக்கு,

செங்கொடி எழுதுவது. ஜெய்பீம். கம்பெனி ஆபீசிலிருந்து உங்கள் கப்பலுக்குச் சேதி வந்திருக்கும். பெண் குழந்தை, இருவரும் நலம் என்று நாலு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அதோடு விட்டுவிட முடியுமா? மூன்றரை கிலோ மாமா! நாள் தள்ளிப்போய்ப் பிறந்தாள். முன்கூட்டி இல்லை, தள்ளிப்போய்!

ஐந்தாம் மாதம் நீங்கள் கொழும்பிலிருந்து பேசியபோது ஸ்கேன் ரிசல்ட்டைச் சொன்னேன். கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்திருக்கிறது, குழந்தை சீக்கிரம் பிறக்கும் அபாயம் உண்டு என்றேன். போனிலேயே அழுதீர்கள். போன தடவை ஆறாம் மாதத்திலேயே பிறந்த நம் பையனைப் பறிகொடுத்தது உங்கள் கண்ணில் நின்றது. இந்த முறை பிள்ளைக்கென்று ஒரு துணிகூட வாங்க மாட்டேன் என்றீர்கள். போனை வைத்ததும் நானும் அழுதேன்.

மறுநாள் ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய், அப்ப இதுவும் தங்காதா மேடம் என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். இது ஜோசியம் இல்லம்மா, ஜாக்கிரதையா இருன்னு சொல்ற அளவு, இப்படி இருக்கிறவங்களுக்கு ஆபத்து அதிகம்தான், ஆனா அதுலயும் நிறைய பேர் மாசம் முடிஞ்சுதான் பெத்துக்கிறாங்க என்றார். முன்னாலேயே தெரிந்ததால் தையல் போட்டுத் தாங்கிப் பிடிக்கலாம் என்றும் சொன்னார். கப்பலுக்குப் போகும் முன் நம் ஏரியா டீமுக்கு கோல்கீப்பராக நின்றவர் நீங்கள், உங்கள் பெண்டாட்டிக்கு இது புரியாதா? பந்து நம் பெனால்டி ஏரியாவுக்குள் வந்திருக்கிறது, இன்னும் கோல் ஆகவில்லை. தையல் போட்டுக்கொண்டேன். இடுப்பு வலித்தாலும் நீர் கசிந்தாலும் உடனே ஓடி வர வேண்டும் என்றதை மனப்பாடம் செய்துகொண்டேன்.

உங்கள் அம்மாவுக்குத்தான் விளக்கி மாளவில்லை. சீக்கிரம் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். போன தபா வளையல் போடாமலே பூட்ச்சு, இந்தத் தபா புள்ள வர்துக்குள்ள போட்டுரணும் என்று ஐந்தாம் மாதமே வளைகாப்பு வைத்துவிட்டார். ஏழாம் மாதம் என்று நினைத்து மொத்த பிளாக்கும் வந்து வாழ்த்திச் சாப்பிட்டுப் போனது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. அவர்கள் கணக்கில் எனக்குப் பத்து மாதம் முடிந்தது, பதினொன்றும் முடிந்தது. பிள்ளையைக் காணோம். எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்கா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இன்னாடி, உள்ள ஆனக்குட்டியா கீது என்று கேட்டார். அத்தைக்கு வந்ததே ஒரு கோபம்! ஐந்தாம் மாதமே வளையல் போட்டதால் வந்த கணக்குத் தப்பு என்று மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் மாதம் முடிந்ததும் தையலைப் பிரித்தார்கள். இனி எந்த நேரமும் வலி வரும் என்று அத்தை பையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உங்கள் மகள் அசையவே இல்லை. கடைசியில் மருந்து கொடுத்துத்தான் வலியை வரவழைத்தார்கள். இவளுக்கா இவ்வளவு பயந்தோம் என்று டாக்டரம்மா தூக்கிக் காட்டிச் சிரித்தார். அத்தை வார்டு முழுக்கக் கேட்க, எம் பேத்தி பன்னண்டு மாசத்துப் புள்ள என்று கத்தினார். நான் திருத்தவில்லை. ஜெயித்துவிட்டோம் மாமா! மகிழினி என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் மூக்கு, அத்தையின் தொண்டை.

ஒன்று சொல்ல வேண்டும். பையனுக்காக நீங்கள் சிங்கப்பூரில் வாங்கிய மஞ்சள் சட்டை உங்கள் பெட்டிக்கு அடியில் இருந்தது. எடுத்து மகிழினிக்குப் போட்டுப் பார்த்தேன். தோளுக்கு மேல் ஏறவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. துவைத்து, மடித்து, அதே இடத்தில் வைத்துவிட்டேன். அது அவனுடையது, அங்கேயே இருக்கட்டும்.

நீங்கள் அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் கடைக்குப் போங்கள். சின்னதாகப் பார்க்காதீர்கள். ஒரு வயதுப் பிள்ளை போடும் சட்டையாகவே வாங்குங்கள். மகிழினி வளர்ந்து போட்டுக்கொள்வாள்.

உங்கள்
செங்கொடி