ரோலின் கடைசிப் படங்கள்

கொடைக்கானல்
8 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜஹீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு உன் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று வத்தலக்குண்டுக்கு இறங்கினாய். இன்னும் மேலே ஏறி வரக் காணோம். போன் போட்டால் எடுப்பதில்லை. சென்னையில் இருக்கிற நம் மகன் உஸாமாவைக் கேட்டால், "அத்தா, அது உங்க ரெண்டு பேர் சோலி, என்னைய இழுக்காதீங்க" என்று வைத்துவிடுகிறான். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நம் கடையில் தைலப் பெட்டிகளை இறக்கும்போது பரணில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. கல்யாணமான புதிதில், கடையோடு சேர்த்து ஏரிக்கரையில் டூரிஸ்ட்டுகளைப் படம் எடுத்துக் கொடுத்தேனே, அந்தக் காலத்துப் படங்கள். டப்பா முழுக்க நீதான்! சிரிக்கிற நீ, முறைக்கிற நீ, உஸாமாவை வயிற்றில் சுமந்து நிற்கிற நீ. சுத்தமாக மறந்தே போயிருந்தேன். பெண்டாட்டியை இப்படி ஆசை ஆசையாகப் படம் எடுத்தவன் இந்த பஜாரில் வேறு எவன் இருக்கிறான், சொல்லு பார்ப்போம்?

நாலைந்து படங்களை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு வெரசா வந்து சேர். சீசன் கூட்டம் ஆரம்பித்துவிட்டது, கல்லாவில் உட்கார ஆளில்லை.

உன்
ஒலியுல்லா


வத்தலக்குண்டு
15 ஏப்ரல் 2025

உஸாமா அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். படங்கள் வந்தன. அக்கா பார்த்துவிட்டு, "ஏ ஆத்தாடி, என்னா ஒல்லியா இருந்திருக்கே!" என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்புறம் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

ஆசை ஆசையாக எடுத்தீர்களாக்கும்! நல்ல கூத்து. டூரிஸ்ட்டுகள் மறுநாள் ஊருக்குக் கிளம்புமுன் படத்தைக் கொடுத்தாக வேண்டும். ரோல் தீராமல் கழுவக் கொடுக்க முடியாது. சாயங்காலம் கடைக்கு ஓடி வந்து, "ஜஹீரா, ரெண்டு பிலிம் மிச்சம் கெடக்கு, நில்லு நில்லு" என்பீர்கள். நான் இருந்த இடத்திலேயே நிமிர்ந்து பார்ப்பேன். அவ்வளவுதான்.

மற்ற படங்களையும் ஒருதரம் பாருங்கள். எதிலாவது ஏரி தெரிகிறதா? பின்னால் சாக்லேட் அலமாரி, முன்னால் கல்லா மேசை, நடுவில் நான். ஊர் உலகமே வந்து பார்க்கிற மலையில் குடியிருந்தும் நான் படகில் ஏறியதில்லை. பக்கத்து மலைக்கிராமம் பூம்பாறைக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று எத்தனையோ பேருக்கு வழி சொல்லியிருக்கிறேன், போனதில்லை. எனக்கு அங்கே மூச்சு முட்டுகிறது. உங்கள் மேல் கோபமில்லை. பாசம் இருக்கிறது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வந்து என்னைப் பூம்பாறைக்குக் கூட்டிப்போங்கள். பூண்டு வயல் ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்காருவோம். அப்படியே உங்களோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

ஜஹீரா


கொடைக்கானல்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜஹீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று எதிர்பார்த்திருப்பாய். வெள்ளனே எழுந்து, தேய்த்த சட்டை போட்டு, ஷட்டரையும் பாதி இறக்கிவிட்டேன். அல்லாஹ் அறிய உண்மை. அதற்குள் கோயம்புத்தூர் பஸ் ஒன்று வந்து நின்றது. "அண்ணே, பூட்டாதீங்க" என்று மொத்தக் கூட்டமும் உள்ளே நுழைந்தால் நான் என்ன செய்ய? நானும் இந்தக் கடைக்குள்தானே கிடக்கிறேன், என்னை யார் எங்கே கூட்டிப்போனார்கள்?

எனக்கு ஒரு யோசனை. நீ வந்து கல்லாவைப் பார்த்துக்கொள். நான் ஒரு எட்டு பூம்பாறைக்குப் போய், பூண்டு வயல் முழுவதையும் போனில் வீடியோ எடுத்து வருகிறேன். நீ அலையாமல் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம்.

உன்
ஒலியுல்லா


வத்தலக்குண்டு
26 ஏப்ரல் 2025

உஸாமா அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அந்த ஞாயிறு புதுச்சேலை கட்டிக்கொண்டு, மதியம் வரை பஸ் ஸ்டாண்டில் நின்றேன். உங்கள் யோசனையைப் படித்தபோது கோபம்கூட வரவில்லை. என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அப்படி எழுதினீர்கள். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

நேற்று நானே தனியாகப் பூம்பாறைக்குப் போய் வந்தேன். போகும்போது சீசன் நெரிசலில் பஸ் நம் கடைக்கு நேர் எதிரே வெகுநேரம் நின்றுவிட்டது. அலமாரிக்கும் மேசைக்கும் நடுவில் நின்று யாருக்கோ தைலம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தீர்கள். ரொம்ப இளைத்துவிட்டீர்கள். கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் இறங்கிவிடுவேன் என்று பயந்து, பஸ் நகரும் வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

இனி நான் மேலே வரமாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஜஹீரா