இரண்டு போன்களும் ஓர் ஆறுமணிக்குருவியும்

மார்ச் 29, ஞாயிறு.

சிவநேசன் சேரோடு குருவி பார்க்கப் போவது இன்றோடு போதும். ஆறுமணிக்குருவி வடக்கே திரும்பிப் பறக்கிற காலம் இது. போகுமுன் நாலு புழுவாவது தின்ன விட வேண்டாமா? ஏழெட்டுப் பேராக ஹந்தானைக் காட்டுக்குள் நுழைந்ததுமே மனிதர் போனில் அதன் குரலைப் போட்டார். வேறு குருவி இடம் பிடிக்க வந்துவிட்டதென்று பதறி, அது இரையை விட்டுவிட்டு ஓடிவரும்.

"போடாதீங்க சேர், பாவம்" என்றேன்.

"டீச்சர், நீங்க சும்மா வாங்க. வந்தவங்களுக்குக் காட்ட வேணாமா?"

பள்ளத்திலிருந்து பதில் வந்தது. மறுபடி போட்டார், மறுபடி பதில். "கோவத்துல கத்துது பாருங்க!" என்று பூரித்தார். அட்டைக் கடியோடு பற்றைக்குள் இறங்கினோம். கீழே பேராதனையிலிருந்து வந்த இன்னொரு கூட்டம். அவர்கள் கையிலும் போன். இவ்வளவு நேரமும் இரண்டு போன்கள்தான் சண்டை பிடித்திருக்கின்றன.

வெட்கப்பட்டாரா? நான் வீடு வருவதற்குள் எங்கள் குருவி பார்ப்போர் வட்ஸ்அப் குழுவில் 'ஆறுமணிக்குருவி, குரல் கேட்டது' என்று போட்டுவிட்டார்.

பொழுது சாயும்போது அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால், பலா மரத்தடியில், சருகைக் கிளறிக்கொண்டு அது நின்றது. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு. கழுவாத சட்டியோடு அசையாமல் நின்றேன்.

சற்றுமுன் சேர் குழுவில் கேட்டிருக்கிறார்: "அம்பிட்டிய பக்கம் யாருக்காவது கண்ணுல பட்டுச்சா?"

இல்லை என்று எழுதினேன். பின்பக்க லைட்டையும் அணைத்துவிட்டேன்.