பூஜை அலமாரியில் ஒரு செம்பு ஆணி

12.6.1978, திங்கள்

ஒன்பதாம் வகுப்புக்கு அணு அமைப்பு ஆரம்பித்தேன். நடுவில் புரோட்டான், நியூட்ரான். சுற்றிலும் வட்டம் வட்டமாக எலக்ட்ரான். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "கோலம் நல்லாருக்கு டீச்சர்" என்றாள். புரோட்டான் எண்ணிக்கைதான் ஒரு தனிமத்தின் அடையாளம் என்றேன். இரும்புக்கு 26, செம்புக்கு 29, தங்கத்துக்கு 79. அடுப்பில் வைத்துக் கிண்டினாலும் ஒன்று இன்னொன்றாக ஆகாது. நாற்பது பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நம்பினார்களா? பரீட்சையில் எழுதுவார்கள். எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

18.6.78, ஞாயிறு

மாமனார் ஒரு சாமியாரைக் கூட்டிவந்திருக்கிறார். நேற்று ஏலக்காய் ஏலத்துக்குப் போன இடத்தில் கிடைத்தாராம். குரங்கணிக்கு மேலே பன்னிரண்டு வருஷம் தவம். பன்னிரண்டு வருஷமும் நகத்தை மட்டும் ஒழுங்காக வெட்டியிருக்கிறார்.

கூடத்தில் ஒரு மண்சட்டி, அதில் நீலத் தண்ணீர். "மலைத் தீர்த்தம்" என்றார். எங்கள் வீட்டு ஆணியையே வாங்கி உள்ளே போட்டுக் கண்ணை மூடினார். எடுத்தால் செக்கச்செவேலென்று செம்பு. மாமனார் சோலைமலை, இருபது ஏக்கர் ஏலத்தோட்டத்து முதலாளி, தடாலென்று காலில் விழுந்தார். "இரும்பே செம்பாச்சே! செம்பு பொன்னாக எம்புட்டு நேரம் ஆகும்?"

மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட்! கல்லூரி முதல் வருஷத்து லேப் சமாசாரம். செடிக்கு அடிக்கிற மருந்தில் சுண்ணாம்போடு கலக்க நாமே மூட்டை மூட்டையாக வாங்குகிறோம். இப்போதும் ஒரு மூட்டை மாமனாரின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதன்மேல் முப்பது வருஷமாகத் தூங்குகிறவருக்கு அதன் நிறம் தெரியவில்லை.

ஆணிக்குச் சந்தனம், குங்குமம். பூஜை அலமாரியில் முருகனுக்கு வலது பக்கம் இடம்.

21.6.78

பொன் செய்ய விதைப்பொன் வேண்டுமாம். அதுவும் வீட்டு மருமகள் கழுத்தில் கிடந்ததாக இருக்கவேண்டுமாம். ஆனி அமாவாசைக்குச் சட்டியில் போட்டால் பத்து மடங்காக விளையும். விளைவதற்கு அது என்ன மொச்சையா?

என் ஏழு பவுன் சங்கிலி. அம்மா கல்யாணத்துக்குப் போட்டது. என் வீட்டுக்காரர் ராஜாராமிடம் சொன்னேன். "அப்பா சொன்னா காரணம் இருக்கும், பொன்னு" என்றார். அவர் படித்தது வரலாறு. அதிலும் தோற்ற ராஜாக்களின் பக்கத்தை மட்டும் ஊன்றிப் படித்திருப்பார்போல.

25.6.78, ஞாயிறு

இன்று நானும் சித்தர் ஆனேன். நேற்றுக் காலையே ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கரைத்து, கைநிறைய ஆணி போட்டு வைத்தேன். இன்று மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆணியெல்லாம் சிவப்பு, தண்ணீரில் நீலம் போய்விட்டது. அந்த வெளுத்த தண்ணீரில் புது ஆணியைப் போட்டேன். ஆணி ஆணியாகவே கிடந்தது.

"செம்பு முதலிலேயே தண்ணீரில்தான் இருந்தது மாமா. இரும்பு கொஞ்சம் கரைந்து உள்ளே போகிறது, செம்பு வெளியே வந்து ஆணிமேல் படிகிறது. மேல்பூச்சுதான். எதுவும் எதுவாகவும் மாறவில்லை" என்றேன்.

டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மொத ஆணி செவந்துச்சுல்லத்தா? அது சாமி காலடி பட்ட வீடுங்குறதுனால. ரெண்டாவது செவக்கல. அது பொம்பள கை பட்டதுனால."

எம்.எஸ்ஸி. படிப்பை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

2.7.78

கழட்டிக் குடுத்துட்டேன். குடுக்கலன்னா நாளையிலருந்து பள்ளிக்கூடம் போகவேண்டாம்னுட்டாரு மாமா. இவரு பக்கத்துல நின்னு பேப்பர் படிக்கிறாரு. அத்தை, இவரோட அம்மா, சங்கிலியை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க, என் முகத்தைப் பாக்கல. கழுத்து வெறிச்சுன்னு இருக்கு. வேற என்ன எழுத?

4.7.78, செவ்வாய்

நாளை அமாவாசை. மாலை ராசிங்காபுரத்து வீரையா மயில்துத்த மூட்டையை எடுக்க வந்தார். எங்கள் தோட்டத்தில் இருபது வருஷமாக மருந்து கலக்குகிறவர். மூட்டையைத் தோளில் ஏற்றியவர், திறந்திருந்த பூஜை அலமாரியில் குங்குமத்தோடு இருந்த ஆணியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன மொதலாளி, மருந்துல சுண்ணாம்பு பத்தலையே!"

மாமனார், "என்னடா ஒளர்ற?" என்றார்.

"கலக்கி முடிச்சதும் அருவாள முக்கிப் பாப்போம்ங்க. இந்தா, இதே மாதிரி செம்பு ஏறுச்சுன்னா இன்னும் சுண்ணாம்பு போடணும். இல்லாட்டி எல கருகிப்போகும். இத எதுக்குங்க சாமிகிட்ட வச்சிருக்கீக?"

சாமியார் கொல்லைப்பக்கம் போய்வருவதாக எழுந்து போனார். ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. சட்டியை மட்டும் விட்டுப்போயிருக்கிறார். அத்தை முந்தானையை அவிழ்த்து, சங்கிலியை என் கையில் வைத்தார்.

இந்த அரிவாள் சோதனை எனக்கும் தெரியாது. எட்டுப் பக்கம் நோட்ஸ் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கத்திலும் அரிவாள் இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் மூட்டை முதலாளிக்குத் தெரியவில்லை என்று சிரித்தேனே, டீச்சரம்மா மட்டும் என்றைக்கு மருந்து கலக்கும் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்?

7.7.78

வீரையாவை வேலைக்கு வரவேண்டாம் என்று மாமனார் சொல்லிவிட்டார். "சாமி அலமாரிக்கு முன்னாடி வேலக்காரனுக்கு என்ன பேச்சு?" இனி மாமனாரின் பங்காளி சின்னச்சாமிதான் மருந்து கலக்குவாராம்.

என்னைக் காப்பாற்றியவர் சோற்றுக்கு வழியில்லாமல் நிற்கிறார். நான் அப்போது அங்கேதான் நின்றேன். வாயத் தொறக்கல. கழுத்துல சங்கிலி இருந்துச்சு. ச்சீ.

16.7.78

மழை விட்டது. சின்னச்சாமி கலக்கி அடித்தாராம். அரிவாளை முக்கிப் பார்த்தாரா என்று ராஜாராமைக் கேட்டுவரச் சொன்னேன். "அதெல்லாம் கூலிக்காரன் சோலி" என்றாராம்.

29.7.78

கீழ்ச்சரிவு முழுக்க ஏல இலை ஓரம் கருகிச் சுருண்டுவிட்டது. சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்: "சுண்ணாம்பு பத்தல மாமா. வீரையாவக் கூப்பிடுங்க. அவரு சொன்னதுல என்ன தப்பு?" மாமனார் பாதிச் சோற்றில் எழுந்து போனார். ராஜாராம் ரசம் கேட்டார்.

6.8.78, ஞாயிறு

காலையில் மாமனாரே ஜீப்பை எடுத்துக்கொண்டு ராசிங்காபுரம் போனார். பத்து மணிக்கு ஜீப் எங்கள் வாசலைத் தாண்டிக் குரங்கணி ரோட்டில் ஏறியது. முன் சீட்டில் வீரையா, மடியில் அரிவாள். பின்னால் சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவில் சின்னச்சாமி.

மாலை மாமனார் திரும்பி வந்தார். வேட்டியெல்லாம் நீலக்கறை. அலமாரியிலிருந்த ஆணியை எடுத்துத் துண்டால் அழுத்தித் துடைத்தார். செம்பு உரிந்து உள்ளே இரும்பு தெரிந்தது. என் கழுத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏத்தா, அன்னைக்கு அந்த வெளுத்த தண்ணியில போட்ட ஆணி, அது ஏன் செவக்கல?"

டம்ளரைக் கொண்டுவரப் போனேன்.