மதினியின் பையில் ஒரு பிடி

ஜூன் 9, திங்கள்

விடியுமுன்பே மழை. காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வந்த எல்லார் இடுப்புப் படங்கும் நனைந்து கனம். டெப் கணினியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நானும் மலைக்கு. ஆபிஸில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவளை இந்தப் புது வேலை மலையேற்றிவிட்டது.

செய்ய வேண்டியது: ஆறாம் நம்பர் மலை. பதினான்கு பேர். ஆளுக்கு இருபது நிமிசம் பக்கத்தில் நின்று பார்ப்பது. கொழுந்து பறிக்கிற வேலையை டெப்பில் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். செடி நிரை பிடிப்பது. முத்தின இலையை ஒதுக்குவது. இரண்டு கையும் சேர்ந்து ஓடுவது. பிடி நிறைந்ததும் முதுகுப் பையில் போடுவது. ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டால், யாருக்கு எதில் பயிற்சி தேவை என்று அதுவே சொல்லும். சிவப்பில் வரும். நான் ‘ப.தே.’ என்று சுருக்கிக்கொண்டேன்.

பாக்கியம் மதினி என்னைக் கண்டதும் மலைக்கே கேட்கிற மாதிரி, “ஏ, நாத்தனா நம்மள பொண்ணு பாக்க வந்திருக்கா. எல்லாரும் தலையக் குனிஞ்சு நில்லுங்கடி!” சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கங்காணி முறைத்தார். அண்ணன் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்த வாய்க்கு ஓய்வில்லை.

காலில் மூன்று அட்டை. சவர்க்காரம் தடவ மறந்தது என் பிழை.

ஜூன் 11, புதன்

பனிமூட்டம். நேற்று பௌர்ணமி, போயா லீவு, துணி ஒன்றும் காயவில்லை.

இன்று மதினியின் முறை. இருபது நிமிசமும் இடது கைதான் பறித்தது. வலது கை செடிமேல் சும்மா கிடந்தது. வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு ஓடியது. புள்ளி மிகக் குறைவு. ஆனால் கொழுந்து மடுவத்தில் நிறுத்துப் பார்த்தால் நிறை மற்றவர்களுக்குச் சமம். டெப் சொன்னது: ‘பொருந்தவில்லை. காரணம் எழுதவும்.’ எழுதாமல் அடுத்த ஆளுக்குப் போக விடாது.

பிளேன்டீக்குப் பிறகு பின்னால் போய் நின்றேன். சரசு அக்கா தாண்டிப் போகும்போது ஒரு பிடி கொழுந்து மதினி பையில். கொஞ்ச நேரத்தில் மேல் நிரையிலிருந்து செல்வி ஒரு பிடி. பிறகு இன்னொருத்தி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை.

எனக்கு ஒரே பெருமை, கண்டுபிடித்துவிட்டேனே என்று. எழுதினேன்: ‘பக்கத்து நிரைக்காரர்கள் ஆளுக்கொரு பிடி இவர் பையில் போடுகிறார்கள்.’ ப.தே. அழுத்தினேன். அனுப்பினேன். பயிற்சிதானே, நல்லதுதானே என்று நினைத்தேன். சொந்த மதினியென்று விட்டுவிட்டதாக நாலு பேர் சொல்லக்கூடாது என்றும் நினைத்தேன். இதில் நானே எனக்குப் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டு விட்டு. சாயங்காலம் மதினி காம்பராவுக்குப் போனேன். ஒற்றைக் கையால் ரொட்டி மா பிசைந்துகொண்டிருந்தார். வலது கை அடுப்போரம். கேட்டேன்.

“நாலு மாசமாச்சு புள்ள. வெரலு மரத்துப் போச்சு. சுடுதண்ணி பட்டாலும் தெரியல.”

“ஏன் மதினி யாருகிட்டயும் சொல்லல?”

“சொன்னா நாத்துத் தவறணைக்கு மாத்திருவாங்க. ஒரு மூலையில ஒக்காந்து நாத்துப் பைக்கு மண்ணு ரொப்பணும். ஒங்கண்ணன் தீவாளிக்கும் பொங்கலுக்கும் கொழும்புலருந்து வர்ற மனுசன். பேச்சுத் தொணைக்கு எனக்கு அந்த மலைய விட்டா யாரு இருக்கா?”

நான் எழுதி அனுப்பியதைச் சொல்லவில்லை. ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார். இரண்டு தின்றேன். வெட்கம் கெட்டவள்.

ஜூன் 13, வெள்ளி

காலையிலேயே ஆபிஸ். நேற்று முன்தினம் எழுதியதை அழிக்க முடியுமா என்று மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் கேட்டேன்.

“அனுப்புனா போனதுதாம்மா. ஏன் அழிக்கணும்? நல்லாத்தானே எழுதியிருக்க. தொரையே பாராட்டுனாரு.”

தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஜூன் 16, திங்கள்

பெரட்டில் கண்டாக்கு ஐயா வாசித்தார். இனிமேல் யார் கொழுந்தையும் யார் பையிலும் போடக்கூடாது. கங்காணி நிரைக்கு நடுவில் நிற்பார். பதினான்கு பேரில் ஒருத்தியும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது, எல்லாருக்கும் தெரியும் என்று.

சாயங்காலம் பீலியில் தண்ணி பிடிக்கும்போது சரசு அக்கா தன் வாளியைப் பார்த்துச் சொன்னார்: “படிச்ச புள்ள. பாத்தத எழுதிருச்சு. அதுக்கென்னா.”

திட்டியிருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

காற்று. கூரைத் தகரம் இரண்டு பறந்தது, எங்கள் லயத்தில் இல்லை.

பயிற்சி கொடுக்க நுவரெலியாவிலிருந்து ஒரு மிஸ். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். இரண்டு கையும் ஓடுகிற வீடியோ காட்டினார். மதினி பேசாமல் பார்த்தார். இருபத்தாறு வருசமாகக் கொழுந்தெடுக்கிறவருக்கு வீடியோ! அரை மணி நேரத்தில் மிஸ் அதை நிறுத்திவிட்டு மதினியின் வலது கையைத் தன் மடியில் வைத்து விரல் விரலாக அமுக்கினார். வலிக்கிறதா என்று கேட்டார்.

“வலிச்சா நல்லதுங்களே மிஸ்.”

மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இது பயிற்சி இல்ல, டொக்டர்கிட்ட காட்டணும். நீங்க ஏன் முதல்லயே அந்தக் கையைப் பாக்கல?”

கை எப்படி ஓடுகிறது என்றுதானே பார்த்தேன். அப்படியே சொன்னேன். டெப்பில் டொக்டருக்கு இடமில்லை. இரண்டே கட்டம்: மீண்டும் பயிற்சி, வேலை மாற்றம். மிஸ் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டாவதை அழுத்தினார்.

ஜூன் 23, திங்கள்

மதினி இன்றிலிருந்து தவறணை. படங்கை மடித்துச் செல்வியிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அவர் நிரையில் வேறு ஆள். மலையில் கொழுந்து கிள்ளுகிற சத்தம் மட்டும். கங்காணிக்கே பொறுக்கவில்லை. “என்னாங்கடி, சாவு வீடா இது?”

செய்ய வேண்டியது:
– ஆஸ்பத்திரியில் நரம்பு கிளினிக் எந்த நாள்? (கேட்டேன். அடுத்த மாதம்தான்.)
– அண்ணனுக்குப் போன். (எடுத்தேன், வைத்துவிட்டேன்.)
– சவர்க்காரம்.
– மதினியிடம் என் வாயால் சொல்வது. (இல்லை.)

ஜூன் 26, வியாழன்

இரண்டு கிழமைக்குப் பிறகு வெயில். டெப்பில் அடுத்த வேலை தவறணை. மண் சலிப்பது, பை நிரப்புவது, தட்டி அடுக்குவது.

மதினி கடைசி மூலையில், சாக்குமேல். கிண்டல் வரும் என்று காத்துக்கொண்டே நடந்தேன். தலையைத் தூக்கி, “வாங்க” என்றார். எனக்கு ‘வாங்க’. இத்தனை வருசத்தில் ஒரு நாளும் ‘வா புள்ள’ தவிர வேறு வந்ததில்லை.

“மதினி, நான்தான் எழுதுனேன்.”

“தெரியுங்க.”

இடது கையால் மண்ணை அள்ளி, பையை முழங்காலுக்கு இடையில் இடுக்கி நிரப்பினார். பாதி வெளியே கொட்டியது. மற்றவர்கள் முப்பது பை அடுக்கின நேரத்தில் இவருக்கு ஒன்பது. நான் டெப்பை மண்குவியல்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். நிரப்பினேன். நிரப்பி நிரப்பி அவருடைய வரிசையில் வைத்தேன். பதினொரு பை. அவர் தன் பையை நிரப்பிக்கொண்டே இருந்தார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். நான் வைத்த பைகளை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து என் பக்கம் வைத்தார். மண் சிந்தாமல்.

“எழுதுறது சரியா இருக்கட்டுங்க,” என்றார்.

பதினொன்றையும் திருப்பிவிட்டார்.