மெழுகின் மேல் பூசியது

ஆகஸ்ட் 4, திங்கள்

ஓவிய அறைக் கூரையில் மறுபடியும் ஒழுகல். மூலையில் சிவப்பு வாளியை வைத்தேன். ஏழாம் வகுப்பின் ஓவியப் பாடவேளையைக் கணக்கு டீச்சர் "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த வருஷத்தில் இது ஒன்பதாவது ஒரு நாள் மட்டும்.

மதியம் பெரிய மேடம் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனதும் சிரித்தார். தலைமையாசிரியை சிரித்தால் எனக்கு ஏதோ வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் விஷயம் நல்ல விஷயம்தான். மைக்கூட்டின் படம் வட்டார ஓவியப் போட்டியில் முதலிடம். (விரலில் எந்நேரமும் மை, அதனால் ஏழாம் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள்.) இறுதிச் சுற்றிலும் பரிசு வந்தால் ஓவிய அறை பிழைக்கும். வராவிட்டால் அது கம்ப்யூட்டர் அறை. இதை மேடம் ஜூனிலேயே சொல்லிவிட்டார்.

எழுந்துவிட்டேன். "பதினாறாம் தேதி நடுவருங்க எதிர்லயே உட்கார்ந்து அதே படத்தை வரையணுமாம்" என்றார்.

மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலும் பொய் சொன்னால் அப்புறம் எங்கே போய்ச் சொல்வது?

நாற்காலியில் தூங்கும் அப்பாவை மெழுகுக் கலரில் வரைந்திருந்தாள். சாய்ந்த கழுத்து, கழன்று கிடக்கும் ஒற்றைச் செருப்பு, எல்லாமே அருமை. வலது கை மட்டும் தலையணை மாதிரி உப்பி, தரையைத் தொட்டுக்கொண்டு. கை ரொம்பப் பெரிசா இருக்கே என்று கேட்டேன். "அப்படித்தான் சார்" என்றாள். பிள்ளை அடம் பிடிக்கிறது என்று நினைத்தேன்.

அனுப்பக் கடைசி நாள். அவள் வீட்டுக்குப் போனபின் போஸ்டர் கலரில் கொஞ்சம் சோப்பைக் குழைத்து (சோப்பு இல்லாமல் மெழுகின் மேல் கலர் ஒட்டாது) அந்தக் கையை மூடி, அளவான ஒரு கையைப் போட்டேன். பத்து நிமிஷ வேலை. இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் திருத்துகிறேன். எந்த டிராயிங் மாஸ்டர் செய்யவில்லை?

நடுவர் எதிரில் அவள் பழைய கையையே வரைந்தால்? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அறை போகும். வேலையும் போகுமோ?

ஆகஸ்ட் 7, வியாழன்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திட்டியிருந்தால் தேவலை.

"ஊர் உலகத்துல யாரும் செய்யாததையா செஞ்சிட்டீங்க? இன்னும் ஒன்பது நாள் இருக்கு. உங்க கையை அவளுக்குப் பழக்கி விடுங்க."

ஆகஸ்ட் 11, திங்கள்

பழக்குகிறேன். நான் போட்டுக் காட்டிய கையைப் பார்த்துப் பார்த்து வரைகிறாள். இன்றோடு பதினைந்து கை. கடைசி நாலும் அச்சாக என்னுடையதுதான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு அதட்டல் போட்டுத் தப்பித்திருப்பேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவளிடம் அனுதாபம் வேண்டுமென்றாலும் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். "ஊசி போடுறதுக்கு முன்னாடி கை நடுங்கினா ஒரு அர்த்தம் இருக்கு. போட்டுட்டு நடுங்கி என்னங்க பண்றது?" என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

அவளுடைய அப்பா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தார். வலது கையை ஒரு துண்டால் சுற்றியிருந்தார். பேனாவை இடது கையால் வாங்கினார். குனிந்தபோது துண்டு நழுவிவிட்டது.

அந்தக் கை. அப்படியே அந்தக் கை. மணிக்கட்டிலிருந்து வீங்கி, விரல் ஒன்றும் மடங்காமல். சலவைக் கூடத்தில் துணி பிழியும் உருளைக்குள் மாட்டிக்கொண்டதாம். மூன்று வருஷமாக வீக்கம் வற்றவில்லையாம். உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தால் கனம் தாங்காமல் தொங்கிவிடுமாம்.

படத்தின் நகலை மேடம் சுவரில் மாட்டியிருக்கிறார். அதன் முன்னால் அவளுடைய அப்பா ரொம்ப நேரம் நின்றார்.

"நல்லா இருக்கு சார். கை கூட சரியாயிடுச்சே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

உன் இஷ்டப்படி வரைம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிரஷ்ஷைக் கழுவி வை என்று வந்தது. கோழைப் பயல் நான்.

ஆகஸ்ட் 16, சனி

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

ஆசிரியர்களை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஏழு பிள்ளைகள், இரண்டு மணி நேரம். ஒரு கட்டத்தில் அவள் தோள் சரிந்து, முழங்கை தாளின் அடிவரைக்கும் இறங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேஜை மேல் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில். புதியதில் கை தரை வரை. வயதான நடுவர் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இதுல எதும்மா நீ வரைஞ்சது?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டும் நான்தான் மேடம். முதல்ல அப்பா கையைச் சரியா பார்க்காம வரைஞ்சுட்டேன்."

எனக்காக. பன்னிரண்டு வயசு. இத்தனை நாளும் மாட்டிக்கொள்வேனோ என்று பயந்து செத்தேன். அந்த நிமிஷம், மாட்டாமலேயே போய்விடுவேனோ என்று வந்ததே ஒரு பயம், அது வேறு. அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்துவிட்டார்.

"அவ பொய் சொல்றா மேடம். அந்தக் கை நான் போட்டது" என்றேன். அப்புறம் என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் இந்த ஓரம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பள்ளியைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவளுக்கும் பரிசு ஒன்றுமில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை, தப்பு செய்தது நான், இழந்தது அவள். எனக்கு மெமோ. மேடம் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிறார்.

மனைவி மெமோவைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். கேட்காமலேயே இரண்டாம் தடவை சாதம் போட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அறை போய்விட்டது. கூரையைச் சரிசெய்து கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். எனக்காக ஒழுகிய கூரை கம்ப்யூட்டருக்காக ஒழுகாது. கலர், பிரஷ் எல்லாவற்றையும் அதே சிவப்பு வாளியில் போட்டு வகுப்பு வகுப்பாகத் தூக்கிக்கொண்டு போகிறேன். வாளி சார் என்று பெயர் வைத்தாகிவிட்டது. மைக்கூட்டுக்குத் துணை.

இன்று பழைய படம் தபாலில் திரும்பி வந்தது. இடைவேளையில் அவளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டேன். மெழுகு தண்ணீரில் போகாது, மேலே பூசியது போகும் என்று சொல்லி ஸ்பாஞ்சை நனைத்தேன்.

"நான் பண்றேன் சார்."

கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவசரப்படாமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். நான் போட்ட கை லேசாக நுரைத்து ஒழுகிப் போனது. அடியில் அவளுடையது அப்படியே இருந்தது. நடுவிரலில் ஒரு நகம் மட்டும் கறுப்பு. அன்றைக்கு அதை நான் பார்க்கக்கூட இல்லை.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டணுமாம். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று ஈரப் படத்தை என்னிடம் நீட்டினாள்.

"ஓரத்தை மட்டும் பிடிச்சுக்கோங்க சார்."

மணி அடிக்கும்வரை ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்.